பதினைந்தாவது கிலோமீட்டர் அலை

"ரெண்டு மணி வரைக்கும் மாறாதுடா. ரெண்டாயிரமேதான். தைரியமாப் போ."

ஆபரேட்டரம்மா தன் தம்பியிடம் போனில் இப்படிச் சொன்னபோது காலை மணி ஐந்தரை. ஒரு கையில் டூத் பிரஷ். வாயில் பாதி நுரை. ஒப்புக்குச் சொன்ன பேச்சில்லை. அணைக் கட்டுப்பாட்டு அறையின் அன்றைய அட்டவணையும் விநாடிக்கு இரண்டாயிரம் கன அடி என்றுதான் சொன்னது. ஆனாலும் நாலு மணி நேரத்துக்குள் அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாகச் சிக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால், நுரையோடு சேர்த்து அதையும் துப்பியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு டூட்டி ஏற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே சுழல்நாற்காலி. எதிரே நாலு ஷட்டர்களுக்கு நாலு ஸ்விட்ச். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. அவள் வலது கை இந்தப் பக்கம் திரும்பினால் ஆறு ஏறும். அந்தப் பக்கம் திரும்பினால் இறங்கும். ஒரு ஆறே அவள் சொன்னபடி கேட்டது. வீட்டில்தான் பிரஷர் குக்கரைத் தவிர யாரும் கேட்பதில்லை.

தம்பிக்கு வீட்டில் வைத்த பேர் வாத்து. முப்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கடையில் உட்கார்ந்த நேரத்தைவிடக் கயாக்கில் உட்கார்ந்த நேரம் அதிகம். கயாக் என்றால் ஒரே ஆள் இடுப்பு வரை நுழைந்து உட்காரும் ஒல்லிப் படகு. அதில் எல்லாரும் ஆற்றோடு போவார்கள். வாத்துக்கு அது போதாது. அவனுக்கு நிற்கிற அலை வேண்டும்.

ஆற்றுக்கடியில் பாறை குறுக்கே படுத்திருக்கும். வருகிற தண்ணீர் அதன் மேல் வழுக்கி இறங்கி, கீழே மோதி, எம்பும். எம்பிய இடத்தில் அலை நிற்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அலை மட்டும் இடம் விட்டு நகராது. அதன் முகத்தில் படகை எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டால், கீழே ஆறு பாய, நின்ற இடத்திலேயே பறக்கலாம். 'பறக்கலாம்' என்பது வாத்தின் சொல். "டிரெட்மில்லுல ஓடிட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தேன்னு சொல்ற மாதிரி" என்பது அவன் மனைவியின் சொல்.

இதில் ஒரே சிக்கல், அளவு. தண்ணீர் குறைந்தால் வெறும் நுரை கக்கும் பாறை. கூடினால் அலை அமுங்கித் தட்டையாகிவிடும். நடுவில் ஒரு சின்ன இடைவெளியில்தான் அலை உயிரோடு இருக்கும். அந்த இடைவெளி அக்காவின் வலது கையில் இருந்தது. அதனால்தான் ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்கு அக்கா மேல் பாசம் பொங்கியது.

அலை இருக்கும் இடத்தை மட்டும் அவன் யாரிடமும் சொல்லமாட்டான். பொண்டாட்டியிடமும் கிடையாது, அக்காவிடமும் கிடையாது. "சொன்னா அடுத்த வாரம் இருபது படகு வந்து க்யூவுல நிக்கும்க்கா. நீ அளவை மட்டும் சொல்லு." கூடப் போகிற பல் டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் வாயைத் திறக்கமாட்டார். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதுதான் அவர் தொழில்.

ஒன்பது பத்துக்கு, டயல் இல்லாத கறுப்பு போன் அடித்தது.

மேலணை.

"மேடம், மலையில விடிஞ்சதுலேருந்து கொட்டுது. எங்களால தாங்க முடியல, திறந்துட்டோம். பதினோரு மணிக்கு உங்க கிட்ட வந்துடும். நீங்க இப்பவே காலி பண்ண ஆரம்பிச்சாதான் உண்டு."

பின்னாலேயே பக்கத்து அறையிலிருந்து டூட்டி என்ஜினீயர் காகிதத்தோடு வந்தார். இளம் வயது, முகத்தில் சவரத்தைவிடக் கவலை அதிகம்.

"ஏழாயிரம் வரைக்கும் போகணும் மேடம். ஒன்பதரைக்கு முதல் படி. கால் மணிக்கு ஐந்நூறு. சைரன், போலீஸ், பம்ப் ஹவுஸ் எல்லாம் வழக்கம் போல."

வழக்கம் போல. சைரனை அழுத்தினாள். ஆற்றோரம் ஐந்து சைரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊளையிட்டன. கடைசி சைரன் ஒன்பதாவது கிலோமீட்டரில், பாலத்தடியில். அதற்குக் கீழே காடும் பாறையும்தான். அங்கே யாருக்காக ஊத வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே போகிற ஒரு ஆளை அவளுக்குத் தெரியும்.

வாத்துக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பல் டாக்டர். அவரும் வெளியே. பாலத்துக் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"வாத்து சார் வண்டியா? இங்க இல்லம்மா. மூணு வாரமா இந்தப் பக்கமே வரல. புதுசா எதையோ புடிச்சிருக்கார்போல."

ஒன்பதரை. வேறு வழியில்லை. ஸ்விட்சைத் திருப்பினாள். எங்கோ கீழே மோட்டார் உறுமியது. முள் மெல்ல ஏறி இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றது.

இப்போது கிளம்பிய தண்ணீரைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அது தம்பி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும். எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு?

தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஞாயிறு என்பதால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். போனில் பைப் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"எந்த இடம்னு சொன்னானாம்மா?"

"என்கிட்டயா? நல்லாக் கேட்டீங்க அண்ணி. கல்யாண நாளையே என்கிட்ட சொல்லாம மறைக்கிற மனுஷன்." உடனே குரல் மாறியது. "ஏன் அண்ணி? என்னாச்சு?"

"தண்ணி ஏறப்போகுது. பைப்பை மூடிட்டு வேன்ல ஏறி உக்காரு. அஞ்சு நிமிஷத்துல எங்கன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே என்று யாருக்குத் தெரியும்?

தம்பி இடத்தைச் சொன்னதில்லை. ஆனால் கேள்வி கேட்டிருக்கிறான். மூன்று வாரமாக வந்த செய்திகளைப் போனில் மேலும் கீழும் தள்ளினாள். 'ஆறு மணிக்கு ரெண்டாயிரம் விட்டியா?' 'கரெக்டா ஆறா, ஆறு அஞ்சா?' அதே நாள் அப்புறம் ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு மட்டும் ஒரு செய்தி: 'எட்டு பத்துக்கு எழுந்துட்டா ராணி.' அன்றைக்கு யாரோ பெண் வாடிக்கையாளர் கதை என்று நினைத்து, தம்பி மனைவியிடம் சொல்லாமல் விட்டிருந்தாள்.

ராணி என்றால் அலை என்று போன வாரம்தான் தெரிய வந்தது.

ஆறு மணித் தண்ணீர் எட்டு பத்துக்கு. வந்து சேர இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். அதில் பாலம் வரைக்கும் ஒன்றே கால் மணி நேரம். மீதி ஐம்பத்தைந்து நிமிஷம். ஆபரேட்டரம்மா எழுந்து சுவரில் மாட்டிய ஆற்று வரைபடத்தில் விரலை வைத்துப் பாலத்திலிருந்து கீழே இழுத்தாள். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. மலை இரண்டு பக்கமும் நெருங்கி ஆற்றை நசுக்கும் இடுக்கு. பதினைந்தாவது கிலோமீட்டர்.

அலமாரியிலிருந்து அந்த இடத்தின் குறுக்குவெட்டுப் படத்தை உருவினாள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில், ஆற்றுக்குக் குறுக்கே படுத்த ஒரு கல்திட்டு. இடக்கரையில் மட்டும் சின்னதாக ஒரு கூழாங்கல் மேடு. அதிலிருந்து பாறையில் அடித்த இரும்புப் படிகள். உள்ளே இறங்கவும் ஏறவும் அது ஒன்றே வழி. படத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'மேடு மூழ்கும் அளவு: 3500.'

தம்பி மனைவியைக் கூப்பிட்டு, பழைய கல்குவாரி ரோடு முடிகிற இடம் என்றாள். "மலை விளிம்பு. அங்கேருந்து ஆறு கீழ தெரியும். எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டரை மணி நேரம் அண்ணி. நான் ஓட்டினா கொஞ்சம் குறையும்." வேன் கதவு அறைபட்டது.

ஒன்பதே முக்கால். இரண்டாவது படி. மூவாயிரம். கையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் ஏதோ இடித்தது.

கால் மணிக்கு ஐந்நூறாக ஏற்றுவது ஆற்றோரம் இருக்கிறவர்களுக்காக. குளிக்கிறவன், துணி துவைக்கிறவள், மீன் பிடிக்கிறவன் எல்லாரும் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறும்போதே எழுந்து போய்விடுவார்கள். நல்ல விதிதான். ஆனால் வாத்து?

போன வாரம் அவள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கவிழ்த்து வைத்து விளக்கினான். "ரெண்டாயிரத்துல ராணி தூக்கக் கலக்கத்துல இருக்காக்கா. ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னா முழிச்சுக்குவா. மூவாயிரம் மட்டும் ஒரு நாள் கிடைச்சுதுன்னு வை, கை ரெண்டும் கழண்டு விழுற வரைக்கும் நான் இறங்கமாட்டேன்."

அவனுக்குத் தண்ணீர் ஏறுவது எச்சரிக்கை இல்லை. தீனி. அவள் படிப்படியாக ஏற்ற ஏற்ற அலை அழகாகும். அவன் இறங்கமாட்டான். மூவாயிரத்து ஐந்நூறில் அலை அமுங்கி அவன் திரும்பிப் பார்க்கும்போது மேடும் இருக்காது, படியும் எட்டாது. பத்திரமாக இருக்கட்டும் என்று போட்ட விதியே அவனுக்குப் பொறி.

சட்டென்று ஏற்றினால்? அடித்துக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் இறக்க வேண்டும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வீடு ஞாபகம் வந்தது. ஒரே குளியலறை. வாத்து உள்ளே போனால் ஷவரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் பாடுவான். கதவைத் தட்டினால் கேட்காது. அக்கா நேராகப் போய் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வால்வை மூடிவிடுவாள். தலை நிறையச் சோப்போடு உள்ளேயிருந்து அலறல் வரும்: "குழாயை மூடாதேக்கா! வந்துட்டேன்!" அந்த வீட்டில் தண்ணீர் நின்றால் ஒரே அர்த்தம்தான். அக்கா வெளியே வரச் சொல்கிறாள்.

பக்கத்து அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"சார், அரை மணி நேரம் மூடணும்."

"எதை?"

"ஆத்தை."

என்ஜினீயர் டீயில் நனைத்த பிஸ்கட்டோடு நிமிர்ந்தார். பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "ஏத்தச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு மேடம். நீங்க இறக்கச் சொல்றீங்க."

"இடுக்குல ரெண்டு பேர் இருக்காங்க."

"யார் பாத்தது?"

"யாரும் பாக்கல. கணக்குப் போட்டேன்."

"கணக்குப் போட்டே ஆளைக் கண்டுபிடிச்சீங்களா! ஜோசியம் பாத்துல்லாம் ஷட்டரை மூட முடியுமா மேடம்?"

"ஒருத்தன் என் தம்பி சார்." மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "ரெண்டு மணி வரைக்கும் மாறாதுன்னு நான்தான் காலைல வாக்குக் குடுத்தேன். வெளியாளுக்கு அளவு சொல்லக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். மெமோவை நாளைக்குக் குடுங்க. இப்ப அரை மணி நேரத்தைக் குடுங்க."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். எழுந்து போய் நீர்மட்டக் கருவியைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அணைக்குள் விரிந்து கிடந்த பழுப்பு நீரைப் பார்த்தார். உதடு மட்டும் கணக்குப் போட்டது.

"இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் நானே வந்து திருப்புவேன். ஆனா ஒண்ணு, மூடினதுக்கு ஈடு கட்டணும். அப்புறம் ஐந்நூறு ஐந்நூறா போக முடியாது. பத்து நிமிஷத்துக்கு ரெண்டாயிரம். யோசிச்சுக்கங்க. இறங்கின தண்ணிக்குப் பின்னாடி வர்றது சுவர் மாதிரி வரும்."

"யோசிச்சாச்சு சார்."

"பதிவேட்டுல உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மூடினாள். காரணம்: ஆற்றில் ஆள். தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் தன் பேரையே எழுதினாள். எழுதும்போது பேனா ஒரு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

பத்து இருபதுக்கு மறுபடி சைரன். இரண்டாயிரம். பத்தரைக்கு நாலாயிரம். பத்து நாற்பதுக்கு ஆறாயிரம். பிறகு ஏழு. ஷட்டருக்கடியில் தண்ணீர் சீறிய சீற்றத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சின்னத் தண்ணீரைவிடப் பெரிய தண்ணீர் வேகமாக ஓடும்; பின்னால் கிளம்பியது முன்னால் போனதை எட்டிப் பிடித்து, இடுக்குக்குப் போகும்போது எல்லாம் ஒன்றாகியிருக்கும். இங்கே இருபத்தைந்து நிமிஷம் மூடியது அங்கே பத்துப் பதினைந்து நிமிஷமாகச் சுருங்கிவிடும்.

போதும். படகைத் தூக்கிக்கொண்டு படியேற ஐந்து நிமிஷம் போதும்.

நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான், எல்லாம் முடித்துவிட்ட பிறகு, அந்த நினைப்பு வந்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்தது.

வாத்து அலைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறான்?

அணை பராமரிப்புக்காக ஆறு வற்றும்போது! வற்றியது தெரிந்தால் கடையைப் பூட்டிவிட்டு ஓடுவான். இடுப்பில் டேப், கையில் நோட்டு. காய்ந்த ஆற்றில் இறங்கிப் பாறையைத் தடவித் தடவி அளப்பான். எத்தனை அடி சரிவு, எங்கே பள்ளம், எங்கே விளிம்பு. "அலையோட எலும்புக்கூட்டைப் பாத்துட்டேன்க்கா" என்று வந்து நிற்பான்.

மற்றவனுக்குத் தண்ணீர் நின்றால் 'வெளியே வா'. வாத்துக்குத் தண்ணீர் நின்றால் 'உள்ளே வா'.

மூவாயிரத்தில் ராணி மேல் ஏறிப் பார்த்துவிட்டு, அடுத்த நிமிஷமே அவள் எலும்பைப் பார்க்கும் வாய்ப்பு. விடுவானா? ஆற்றின் நட்ட நடுவில், அந்தக் கல்திட்டின் மேல் டேப்பை விரித்துக்கொண்டு நிற்பான். பின்னால் ஏழாயிரம் வரும்.

நான்தான் மூடினேன். நான்தான் திறந்தேன். அவனை நடு ஆற்றில் நிற்க வைத்தது நான்தான்.

பதினொன்று எட்டுக்குப் பாலத்துக் காவலாளி. "என்னம்மா இது, தண்ணி திடீர்னு வடிஞ்சுபோச்சு! மீனெல்லாம் துள்ளுது, அள்ளலாமா?"

"இறங்கினா காலை உடைப்பேன். மேலேயே நில்லுங்க. ஏறினதும் சொல்லுங்க."

பதினொன்று முப்பத்து மூன்று. "அம்மாடி! வந்துருச்சும்மா! மரக்கட்டையெல்லாம் உருட்டிக்கிட்டு, வளைவுல திரும்பும்போதே சத்தம் கேட்டுச்சு!"

பாலத்திலிருந்து இடுக்குக்கு இரண்டாயிரம் ஐம்பத்தைந்து நிமிஷத்தில் போகும்; ஏழாயிரம் நாற்பது, நாற்பத்திரண்டில். பன்னிரண்டேகால். இன்னும் முன்னாலேயேகூட வரலாம்.

என்ஜினீயர் அவள் பக்கத்தில் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீ வேண்டுமா என்று கேட்டார். அவள் காதில் விழவில்லை. சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள் ஒவ்வொரு முறை பன்னிரண்டைத் தாண்டும்போதும் அவள் கட்டைவிரலால் மேஜையை ஒரு தடவை அழுத்தினாள்.

பன்னிரண்டு மணி நாலு நிமிஷத்துக்குப் போன்.

"அண்ணி, வந்துட்டேன். அவங்க கார் நிக்குது. ஆளைக் காணோம். இருங்க, விளிம்புக்குப் போறேன்." செருப்பு சரளையில் உரசும் சத்தம். "அண்ணி, ஆத்துல தண்ணியே இல்ல. வெள்ளை வெள்ளையாக் கல்லு தெரியுது."

"ஆள் தெரியுதா? நடுவுல பாரு. நடுவுல!"

"ஆமா, ரெண்டு புள்ளி. ஒரு ஆரஞ்சுப் படகு ஓரமா கிடக்கு. ரெண்டு பேரும் நடுப் பாறையில குனிஞ்சு என்னமோ..." தம்பி மனைவி நிறுத்தினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "அய்யோ, அளந்துகிட்டு இருக்கார் அண்ணி!"

"ஹார்ன் அடி!"

"இத்தனை உசரத்துலேருந்து எப்படிக் கேக்கும்?"

"தண்ணி இல்லல்ல? இப்ப அங்க இரைச்சல் இல்ல. கேக்கும். அடி!"

பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாலு தெருவுக்கு அப்பாலிருந்தே எழுப்பி ஓடி வரவைக்கும் அந்த ஹார்ன், இடுக்கின் இரண்டு சுவரிலும் மோதி மோதித் திரும்பியது. போன் வழியாகவே ஆபரேட்டரம்மாவுக்குக் காது அடைத்தது. ஒரு நீளம். இன்னொரு நீளம்.

"கேட்டுருச்சு! நிமிர்ந்துட்டார்! என்னைப் பாத்துட்டார்..." ஒரு மூச்சு. பிறகு கிட்டத்தட்ட அழுகை. "கையை ஆட்டுறார் அண்ணி. டாட்டா காட்டுறார்!"

"அடப்பாவி!"

"திரும்பக் குனிஞ்சுட்டார். அண்ணி, அவர் குனிஞ்சுட்டார்!"

பன்னிரண்டு ஆறு. என்ஜினீயர் எழுந்து நின்றுவிட்டார். ஆபரேட்டரம்மாவின் கை தானாக ஸ்விட்சின் மேல் போய் உட்கார்ந்தது. இப்போது மூடி என்ன, திறந்து என்ன? அவள் கைக்கு எட்டாத தூரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"விடாதே. அடிச்சுக்கிட்டே இரு."

ஹார்ன். ஹார்ன். ஹார்ன். நடுவில் தம்பி மனைவி தன் புருஷனை வாழ்நாளில் அழைக்காத பேரெல்லாம் சொல்லி அழைத்தாள். பிறகு ஹார்ன் நின்றது.

எதிர்முனையில் காற்று மட்டும்.

"என்னம்மா? என்ன?"

"நிமிர்ந்து நிக்கிறார். என்னையே பாக்கிறார். டாக்டர் அவர்கிட்ட என்னமோ சொல்றார். அண்ணி... ஓடுறாங்க! டேப்பை அப்படியே போட்டுட்டு ஓடுறாங்க! கல்லு மேட்டுக்கு வந்துட்டாங்க. படகைத் தூக்கப் போறார்—"

"படகை விடச் சொல்லு!"

"யோவ்! படகை விடுய்யா! விடுய்யா!" அந்தக் கத்தலுக்கு ஹார்னே தேவலை. "விட்டுட்டார். டாக்டர் படி ஏறிட்டார். இவர் பின்னாடி. பாதிப் படி. முக்காப்படி. அண்ணி, ஏதோ சத்தம் கேக்குது. லாரி வர்ற மாதிரி. மேலேருந்து..."

அதற்கு மேல் அவள் பேசியது எதுவும் கேட்கவில்லை. போனுக்குள் ஒரு பெரிய இரைச்சல் நிரம்பியது. அந்த இரைச்சலை ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியும். காலையில் அவள் வலது கையிலிருந்து புறப்பட்டது அது.

மணி பன்னிரண்டு பத்து.

லைன் அறுந்துவிட்டது.

பன்னிரண்டு பதினொன்று. பன்னிரண்டு பதினைந்து. என்ஜினீயர் திரும்பத் திரும்ப அந்த நம்பரைப் போட்டார், கிடைக்கவில்லை. விதிப்படி பன்னிரண்டரைக்கு நீர்மட்டம் எழுத வேண்டும். ஆபரேட்டரம்மா எழுதினாள். எழுதியதைப் படிக்க முடியவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் போன். தம்பி மனைவியின் நம்பர். எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏன்க்கா குழாயை மூடுன?"

மூச்சு வாங்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, வாத்து.

ஆபரேட்டரம்மா போனை மேஜையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். என்ஜினீயர் போனை எடுத்து, "ஒரு நிமிஷம் சார், அழறாங்க" என்றார். பிறகு ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சத்தியமா முதல்ல உறைக்கலக்கா. தண்ணி போனதும் வாய் பிளந்துட்டேன். இப்படி ஒரு சான்ஸ் வருமான்னு டேப்பை எடுத்துட்டு ஓடினேன். இவ வந்து ஹார்ன் அடிச்சப்போகூட, சோறு கொண்டாந்திருக்கான்னுதான் நினைச்சேன்."

"சோறா?" பின்னால் தம்பி மனைவியின் குரல். "இனிமே சோறு வேற கேப்பியா நீ?"

"அப்புறம் டாக்டர்தான் கேட்டார், 'உங்க வீட்டம்மாவுக்கு இந்த இடம் எப்படித் தெரியும்?'னு. அப்பதான் பொறி தட்டுச்சு. இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அது நீ கண்டுபிடிச்சதா இருக்கணும். நீ இவளை அனுப்பியிருந்தா, தண்ணியை நிறுத்தினதும் நீதான். நீ குழாயை மூடினா..." மறுபடி இருமல். "படகு போச்சுக்கா. மேட்டையே காணோம். நாங்க நின்ன பாறை எங்கேன்னே தெரியல."

"நீ இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"டாக்டர்?"

"இருக்கார். பேச மாட்டேங்கறார். பல்லு மட்டும் தந்தி அடிக்குது."

ஆபரேட்டரம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா," வாத்தின் குரல் திடீரென்று ரகசியமாகியது, "மூடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் வந்துச்சே, அது மூவாயிரமா?"

"ஆமா."

"ராணிக்கா! கண்ணாடி மாதிரி இருந்தா. நான் துடுப்பே போடல, சும்மா..."

"டேய்." பேனா ஓடிக்கொண்டிருந்தது. "நான் எழுதறதைப் படிக்கிறேன், கேட்டுக்கோ. 'பதினைந்தாவது கிலோமீட்டர், இடுக்கு. நிற்கும் அலை உண்டு. இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரை படகுக்காரர்கள் இருக்கக்கூடும். அளவை மாற்றுமுன் ஆள் அனுப்பிப் பார்க்கவும். ஆறாவது சைரன் இங்கே வேண்டும்.' சார் கையெழுத்துப் போடப்போறார். நாளைக்கு அறிவிப்புப் பலகையில ஒட்டிடுவாங்க."

எதிர்முனையில் படகு போனதற்குக்கூட வராத ஓர் அலறல் வந்தது.

"அக்கா! பலகையிலயா! ஊரே வந்துடுமேக்கா! இருபது படகு க்யூவுல நிக்கும்!"

"நிக்கட்டும். இருபது பேர் நிக்கிற இடத்துலதான் ஒருத்தனாவது தலையைத் தூக்கி மேல பார்ப்பான்" என்றாள் ஆபரேட்டரம்மா. என்ஜினீயர் பேனாவுக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள்.